சொல்லிப் பழகாத பேர்

பஞ்சாயத்துத் தண்ணீர் வந்த வேகத்தில் பக்கெட் தொபதொபவென்று சத்தம் போட்டது. இந்தச் சத்தத்தோடு சத்தமாகச் சொல்லிவிட்டால் யாருக்குக் கேட்கப்போகிறது என்றுதான் நவமணி குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருந்தாள். தகரக் கதவைச் சாத்திக் கொக்கியும் போட்டாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். வந்தது என்ன தெரியுமா? "கெட்ட முட்டை தண்ணியில மெதக்குமுங்க, நல்ல முட்டை அடியில படுத்துக்குமுங்க." அடச்சீ என்றாகிவிட்டது. அது பதினேழாவது கேள்விக்கான பதில். நாற்பது கேள்விக்குப் பதில் மனப்பாடமாக இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு எத்தனை கிராம் அரிசி, சாம்பாரில் பல்லி விழுந்தால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும், சிலிண்டரைத் திறக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், எல்லாம் கேட்ட மாத்திரத்தில் வந்து விழும். கேள்வி என்றே கணக்கில் சேராத ஒன்றுதான் தொண்டையில் நிற்கிறது. வீட்டுக்காரர் பேரென்ன? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும் அப்பன் பேரை. இவளுக்கு வரவில்லை. கூட வாழ்ந்தது பதினாறு வருசம், அவன் விட்டுவிட்டுப் போய் ஆறு வருசம், இந்த இருபத்திரண்டு வருசத்தில் ஒரு தடவைகூட அந்தப் பேர் அவள் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை. பத்து மணிக்கு யூனியன் ஆபீசில் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு இண்டர்வியூ. உள்ளூர்ப் பள்ளிக்கூடம்தான், இங்கிருந்து கூப்பிடு தூரம். வருகிற மாசியோடு அவளுக்கு நாற்பது ஆகிறது, அதற்கப்புறம் விண்ணப்பத்தைக் கையில்கூட வாங்கமாட்டார்கள் என்று சொல்லியிருந்தார்கள். தறிக்குடோனில் நூல் சுற்றிச் சுற்றி வலது தோள் இறங்கிப்போய், தலைக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றவே இடது கைதான். இந்தக் கையை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருசம் தள்ள முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். இடது கையால் மொண்டு ஊற்றிக்கொண்டாள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

பேர் சொல்லக்கூடாது என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அம்மா சொன்னதில்லை, அத்தைகள் சொன்னதில்லை, அதனால் இவளும் சொன்னதில்லை. சொன்னால் புருசனுக்கு ஆயுசு குறையும் என்று மட்டும் எப்போதோ காதில் விழுந்தது, அது அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வந்து சேர்ந்த வீட்டில் அதைவிடக் கூத்து. அவனுக்கு அவனுடைய அப்பாருவின், அப்பாவைப் பெற்ற தாத்தாவின், பேரை வைத்திருந்தார்கள். மாமனார் பேரை மருமகள் சொல்லலாமா? அதனால் பெற்ற தாயும் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "சாமி" என்பாள், கோபம் வந்தால் "ஏண்டா தடியா" என்பாள். கூட்டாளிகளுக்கு அவன் "ரிக்கு". திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன் என்பதால் அந்தப் பேர். ஆக, அந்தப் பேரைச் சொல்ல அந்த வீட்டில் ஆளே கிடையாது. பிரசவத்துக்குப் போயிருந்தபோது நர்சம்மா கேட்டாள், வீட்டுக்காரர் பேரென்னம்மா என்று. இவள் வலியில் மாமியாரைப் பார்க்க, மாமியார் இவளைப் பார்க்க, இரண்டு பேரும் முழித்த முழியில் நர்சம்மா பயந்தே போனாள். கடைசியில் மாமியார் மஞ்சப்பையிலிருந்து ரேசன் கார்டை எடுத்து நீட்டினாள். நர்சம்மா சத்தமாகப் படித்துவிட்டு, "இதச் சொல்றதுக்கா இந்தப் பாடு?" என்று சிரித்தாள். நர்சம்மா வாயில் அந்தப் பேர் நன்றாகத்தான் இருந்தது. யாரோ பெரிய மனிதர் பேர் மாதிரி இருந்தது. நவமணிக்கு அந்த வலியிலும் ஒரு வெட்கம் வந்தது. அப்போதே கூடவே சேர்ந்து ஒரு தடவை சொல்லியிருந்தால் இப்போது இந்தத் தொல்லை இல்லை. எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள், அதில் ஒன்றும் தடங்கல் இல்லை. விண்ணப்பத்தில் மூன்று இடத்தில் எழுதினாள். கை வேறு, வாய் வேறு போலிருக்கிறது. ஈரத் துண்டைக் கொடியில் போடும்போது அதையும் நினைத்துக்கொண்டாள், எழுதிக் காட்டினால் என்ன?

எழுதிக் காட்டினால் ஆகாது என்று சொல்லிவிட்டாள் சுலோச்சனாக்கா. அவள்தான் இதுவரை அந்த வேலையில் இருந்தவள், வைகாசியில் ஓய்வு பெற்றாள். போன வருசம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் எடுத்தபோது காவேரியம்மாள் என்று ஒருத்தி போனாள். அவளும் கைவிடப்பட்டவள்தான். பேர் கேட்டதும் திரும்பி வாசலைப் பார்த்தாளாம், அங்கே கூட வந்த கொழுந்தன் நின்றிருந்தான். "நீங்க சொல்லுங்க தம்பி" என்றாளாம். உள்ளே இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்களாம், விட்டுட்டுப் போனவன் பேரைச் சொல்ல இவ்வளவு மரியாதையா, கொழுந்தன் வேறு துணைக்கு வந்திருக்கிறான், அப்படியானால் குடும்பம் நடந்துகொண்டுதான் இருக்கிறது, கைவிடப்பட்டவள் என்ற சான்றிதழ் வேலைக்காகச் சும்மா வாங்கியது என்று. அதனால்தான் போயிற்றா, வேறு எதனால் போயிற்றா, யாருக்குத் தெரியும். ஆனால் காவேரியம்மாளுக்கு வேலை கிடைக்கவில்லை, அது நிச்சயம். "வெட்டுனாப்புல சொல்லீரோணும் நவமணி, ஆரோ ஒருத்தம் பேரச் சொல்றாப்பல," என்று சுலோச்சனாக்கா சொல்லியிருந்தாள். யாரோ ஒருத்தன். நேற்றுச் சாயங்காலம் மகள் கயல்விழி நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள், டீச்சர் மாதிரி காலை ஆட்டிக்கொண்டு. நாற்பதும் முடிந்ததும் நாற்பத்தொன்றைக் கேட்டாள். நவமணி சிரித்தாள், அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்தாள். கயல் விடவில்லை, "நான் டெய்லி சொல்றேன், எனக்கு என்ன ஆயிருச்சு?" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்ல. மகள் சொன்னால் ஆயுசு குறையாது கண்ணு, பொண்டாட்டி சொன்னால்தான் குறையும் என்றா? சொன்னால் சிரிப்பாள். சிரித்துவிட்டு, குறைந்தால்தான் என்ன என்று கேட்டாலும் கேட்பாள், அதுதான் பயம். நவமணி பச்சைச் சேலையை எடுத்தாள், வேண்டாமென்று வைத்தாள். புதுசாகத் தெரிந்தால் வசதி என்பார்கள். பழசாக இருந்தால் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற இடத்துக்கு இவளா என்பார்கள். நடுவாந்திரமாக ஒரு சாம்பல் நிறக் காட்டன் சேலை இருந்தது. பொட்டு வைப்பதா வேண்டாமா என்று கண்ணாடி முன்னால் நின்றாள். வைத்தால் கைவிடப்பட்டவளுக்கு என்ன பொட்டு, வைக்காவிட்டால் விதவையா நீ. கடைசியில் கடுகளவு வைத்தாள். தாலிக்கொடியை ரவிக்கைக்குள்ளே தள்ளிவிட்டாள். அது கயிறுதான், தங்கம் எப்போதோ போயிற்று. ஏழே முக்கால் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது, அதுவரைக்கும் நல்ல சகுனம். மடியில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, எல்லாவற்றுக்கும் மேலே தாசில்தார் கையெழுத்துப் போட்ட அந்தச் சான்றிதழ். வெளியிலிருந்து பார்த்தாலே உறைக்குள் தெரிகிறது, கணவனால் கைவிடப்பட்டவர். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் படித்துவிடுவாரோ என்று உறையைக் கவிழ்த்து வைத்தாள். இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாமா? இஞ்சின் சத்தம் இருக்கிறது. முந்தாநாள் தறிக்குடோனில் சொல்லிப் பார்த்தாள். இருபது தறி ஓடுகிற இடம், பக்கத்தில் ஆள் செத்தாலும் கேட்காது. அங்கே போய் உதட்டை மட்டும் அசைத்தாள், சத்தம் வரவில்லை, ஆனால் உதடு சரியாகத்தான் அசைந்தது. எதிர்த் தறியில் இருந்த பாப்பாத்தி உடனே கையை ஆட்டி, யாரைக் கூப்பிடுகிறாய் என்று உதட்டாலேயே கேட்டாள். குடோனில் வேலை செய்கிற பொம்பளைகளுக்குக் காது எதற்கு, உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை பேசுகிறவர்கள். நவமணிக்குத் திருட்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. யாரையுமில்லை என்று தலையாட்டினாள். பாப்பாத்தி நம்பவில்லை, ஒரு மாதிரிச் சிரித்தாள். இன்னும் நினைப்பு இருக்கிறது போல என்ற சிரிப்பு. நினைப்பா? நினைப்பெல்லாம் ஒன்றுமில்லை. முதல் மூன்று மாசம் போன் வந்தது, சத்தீசுகரில் இருக்கிறேன், ஒடிசாவில் இருக்கிறேன், தண்ணி நல்லா வருது, வரலை என்று. அப்புறம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. அங்கே ஒருத்தியோடு இருக்கிறான் என்று ஒருத்தர் சொன்னார், ஏஜெண்டோடு சண்டை போட்டுவிட்டு வேறு வண்டியில் ஏறிவிட்டான் என்று இன்னொருத்தர். இவள் எல்லாவற்றுக்கும் சரிங்க என்று கேட்டுக்கொண்டாள். கோபம் வந்தது, நிறையவே வந்தது. அந்த மனுசனைத் திட்டாத நாளில்லை. திட்டும்போதும் "அந்த மனுசன்" என்றுதான் திட்டினாள். நாக்கு அவ்வளவு கெட்டியாகக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது, என்ன செய்ய. பேருந்து ஒரு ஜவுளிக்கடையைத் தாண்டியது. கடை முதலாளிக்கும் அதே பேர், மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் ஒரு ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். தெரிந்துதான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், படித்துப் பழகலாம் என்று. மனசுக்குள் படித்தாள். கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று வந்துவிட்டார்.

உள்ளதைச் சொன்னால் பழக்கம் மட்டுமில்லை, வேறொன்றும் இருக்கிறது. அதை அவள் சுலோச்சனாக்காவிடமும் சொல்லவில்லை, கும்பிடுகிற அம்மனிடமும் சொல்லவில்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால், எங்கோ வடக்கே ரிக் வண்டி ஒன்று பாலத்திலிருந்து கவிழ்ந்து நாலு பேர் செத்துப்போனார்கள் என்று செய்தி வந்தது. திருச்செங்கோட்டு வண்டி, பேர் விவரம் வரவில்லை. ஐந்து நாள் ஆயிற்று விவரம் வர. அந்த ஐந்து நாளும் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். மூன்றாவது நாளோ என்னவோ, வந்தவர்களில் ஒருத்தர் விவரம் தெரிந்த மனிதர், தாலுக்கா ஆபீசுக்கு அடிக்கடி போகிறவர், ஆறுதலாகத்தான் சொன்னார், அப்படி ஏதாவது ஆகிவிட்டிருந்தாலும் மனசைத் தளரவிடாதம்மா, விதவைச் சான்று இருந்தால் சத்துணவு வேலைக்கு முதல் இடம், கைவிடப்பட்டவர் என்றால் அதற்கு அடுத்தாற்போலத்தான் என்று. சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். நவமணி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கழுவிக்கொண்டே நினைத்தாள், ஒரு நொடிதான், முதல் இடம் என்று. சுலோச்சனாக்காவுக்கு இன்னும் இரண்டு வருசம் இருக்கிறது, அதற்குள் சான்று வாங்கிவிடலாம் என்று அந்த ஒரு நொடிக்குள் கணக்கும் போட்டுவிட்டாள். டம்ளர் கையில் வழுக்கியது. ஐந்தாவது நாள் விவரம் வந்தது, அந்த வண்டியில் அவன் இல்லை. எல்லோரும் கும்பிட்டார்கள். இவளும் கும்பிட்டாள். அன்றைக்கு மத்தியானம் ரசம் ஊற்றிச் சாப்பிடும்போது தனக்குள்ளே என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். நிம்மதி இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் நிம்மதிக்கு அடியில், படித்துவிட்டுப் போன கேள்வி பரீட்சையில் வராமல் போனால் இருக்குமே, அந்த மாதிரி ஒன்றும் இருந்தது. அன்றையிலிருந்து அவளுக்கு அவள்மேல் பயம். இப்போது அதே வேலைக்கு, அதிகாரி நாற்காலிக்கு முன்னால் நின்று, அந்தப் பேரைச் சொல்ல வேண்டுமாம். ஒரு தடவை மனசால் ஆகட்டும் என்று நினைத்தாயிற்று, இரண்டாவது தடவை வாயாலும் சொன்னால்? மூடநம்பிக்கை என்று கயல் பாடப் புத்தகத்தைக் காட்டுவாள். இருக்கட்டும். அந்த மனுசன் எங்கேயோ இரும்புக் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கும்போது இங்கே ஒருத்தி வேலைக்காகப் பேரைச் சொல்ல, அங்கே கால் வழுக்கினால்? நடக்காது, எப்படி நடக்கும். நடக்காது என்று அறிவுக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. யூனியன் ஆபீஸ் எல்லாம் இறங்கு என்றார் கண்டக்டர்.

வராந்தாவில் முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள், எல்லோர் மடியிலும் அதே பிளாஸ்டிக் உறை. டோக்கன் இருபத்திரண்டு. இருபத்தொன்றாவது டோக்கன்காரி சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கும், நெற்றியில் ஒன்றுமில்லை. "அக்கா, நீங்க என்ன?" என்றாள். முதலில் நவமணிக்குப் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது, சாதியைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, சான்றிதழைக் கேட்கிறாள். கைவிடப்பட்டவ என்றாள் நவமணி. "நான் விதவைங்கக்கா," என்று அந்தப் பெண் சொன்னாள், பத்தாவதில் எத்தனை மார்க் என்று சொல்கிற மாதிரி. அவள் வேறு பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்திருந்தாள், போட்டி இல்லை என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. புருசன் பெயிண்ட் அடிக்கிறபோது சாரத்திலிருந்து விழுந்துவிட்டானாம், ஒன்றரை வருசம் ஆகிறதாம். பேச்சு வாக்கில் அவள் அவன் பேரைச் சொன்னாள், சதீசு இருந்தவரைக்கும் என்னை வெளியே அனுப்பினதில்லைங்கக்கா என்று. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள். முன்னாலேயே இப்படித்தான் சொல்வாயா என்று கேட்க நவமணிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால் என்ன நினைப்பாள், பேர் சொன்னதால்தான் செத்தான் என்கிறாயா என்று நினைக்கமாட்டாளா. கேட்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், எல்லோருக்கும் புருசன் உயிரோடுதான் இருக்கிறான். இந்தப் பெண்ணுக்கு மட்டும் விழுந்துவிட்டான். எண்ணிப் பார்த்தால் ஒன்றும் நிற்காத கணக்கு. முட்டை மிதக்கும், முட்டை அடியில் படுக்கும். ஒரு பிள்ளைக்கு நூறு கிராம். பல்லி விழுந்தால் தலைமையாசிரியருக்குச் சொல்ல வேண்டும். இருபத்தொன்று உள்ளே போயிற்று. நவமணிக்கு ஒண்ணுக்கு வருகிற மாதிரி இருந்தது, ஆனால் போனால் கூப்பிட்டுவிடுவார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் ஒரு மேடம், கண்ணாடி போட்டவர், ஐம்பது வயசிருக்கும். ஒரு பக்கம் வழுக்கைத் தலை அதிகாரி, இன்னொரு பக்கம் எழுதிக்கொள்கிற கிளார்க். உட்காரச் சொன்னார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டார் அதிகாரி, சொன்னாள். சமைக்கிறவர் வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார், நானே சமைப்பேன் என்றாள். அவர் தலையாட்டினார். நாற்பதில் ஒன்றையும் கேட்கவில்லை. மேடம் சான்றிதழைப் புரட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார், "வீட்டுக்காரர் பேரு?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நவமணி வாசலைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள், பார்க்கவில்லை. வெட்டினாற்போல என்று நினைத்தாள். மஞ்சள் பலகையை நினைத்தாள், சிவப்பு எழுத்தை நினைத்தாள். யாரோ ஒருத்தன். தோளில் இரும்புக் குழாய். கிளார்க் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மேடமும் நிமிர்ந்தார்.

"நாச்சிமுத்துங்க," என்றாள்.

வந்துவிட்டது. அவளுடைய குரலாகவே இல்லை, யாரோ அறைக்குள் வந்து சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது. ஒன்றும் இடியவில்லை, மின்விசிறி சுற்றியது, கிளார்க் எழுதினார்.

"உயிரோட இருக்காரா?"

"இருக்கறாருங்க, இருக்கறாருங்க." கேள்வி முடியும் முன்பே வாய் முந்திக்கொண்டது, இரண்டு தடவை.

அதிகாரி சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறு வருசமாகத் தகவலே இல்லையென்று இதில் எழுதியிருக்கிறதே, அப்புறம் இருக்கிறார் என்று எப்படித் தெரியும், போன் கீன் பேசுகிறாரா, வந்து போகிறாரா என்று அடுக்கினார். போயிற்று. பேரைச் சொல்லத் தெரியாமல் போனவள் காவேரியம்மாள், பேரைச் சொல்லிவிட்டுக் கெடுத்துக்கொண்டவள் இவள். மாசி, நாற்பது, தோள்பட்டை, கயல் எல்லாம் ஒன்றாக வந்து முட்டியது. இதற்கு நோட்டில் பதில் இல்லை. அதனால் இருந்ததைச் சொன்னாள்.

"தெரியாதுங்க சார். இதுநாள் வரைக்கும் பேரச் சொன்னதில்லைங்க. இப்பச் சொல்லிப்போட்டனுங்களே... அதான், உசுரோட இருக்கட்டும்னு சொன்னனுங்க."

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை, மேடத்தைப் பார்த்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். நவமணியின் கழுத்தருகே, ரவிக்கைக்கு மேலே, காலையில் தள்ளிவிட்ட மஞ்சள் கயிறு எப்படியோ கொஞ்சம் வெளியே வந்திருந்தது. அதைப் பார்த்தாரா, முகத்தைப் பார்த்தாரா தெரியாது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிளார்க் பக்கம் திரும்பினார்.

"தொடர்பு இல்லைன்னு எழுதிக்கங்க," என்றார்.

கிளார்க் எழுதினார். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. இதைத்தானே கேட்டு வாங்க வந்தாள், இதற்குத்தானே தாசில்தார் ஆபீசுக்குப் பதினோரு நடை நடந்தாள். ஆனாலும் இத்தனை வருசத்தில் அந்த இரண்டு வார்த்தையை அவள் முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. நவமணிக்குக் கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொண்டாள். போகலாமா என்று கேட்டாள். மேடம் சிரித்த மாதிரிதான் இருந்தது, வேலைக்கான ஆர்டர் வந்தால் தபாலில் வரும் என்றார். போகிறவளை வாசலில் நிறுத்தி, கடைசியாக ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு வருகிற முட்டையில் கெட்டது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார்.

நவமணி வாயைத் திறந்தாள். நாக்கில் அந்தப் பேர்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை. கையைக் குவித்து முட்டையைத் தண்ணீரில் விடுகிற மாதிரி காட்டினாள், பிறகு அந்தக் கையை மெள்ள மேலே கொண்டுவந்தாள். சரி, போங்க என்றார் மேடம். வெளியே டோக்கன் இருபத்துமூன்று எழுந்து நின்றுகொண்டிருந்தது.